மூன்று வளைவு மேலே

நிலம்பூரிலிருந்து ஊட்டிக்குப் போக நேர்வழி உண்டு. நாடுகாணிச் சுரம் ஏறி, கூடலூர், நடுவட்டம், பைக்காரா என்று பிடித்தால் சில மணி நேரத்தில் மலைமேல் நிற்கலாம். கூடலூரிலிருந்து மறுபடி காட்டுக்குள் இறங்கி, தெப்பக்காடு, மசினகுடி என்று சுற்றிக்கொண்டு கல்லட்டி வழியாக ஏறுவது வேலையற்றவன் செய்கிற வேலை. நான் அப்படித்தான் போனேன், மழையைப் பார்க்க. போனது மார்ச் மாதத்தில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

மழையை மழைக்காலத்தில் பார்ப்பது ஒரு வகை. கோடையில் மரத்தில் பார்ப்பது இன்னொரு வகை. நிலம்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,500 மி.மீ. மழை கொட்டுகிறது. தெப்பக்காட்டுப் பக்கம் அதில் பாதி. மசினகுடி தாண்டிக் கிழக்கே மாயாறு நோக்கிப் போனால் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. அங்கிருந்து மலையேறினால் மழை மட்டுமல்லாமல் குளிரும் கணக்கில் சேர்ந்துகொள்கிறது. இத்தனையும் நூறு கிலோமீட்டர் சொச்சத்துக்குள். தேக்கங்காடு, ஈர இலையுதிர்காடு, வறண்ட இலையுதிர்காடு, முட்காடு, சோலை, புல்வெளி எல்லாவற்றையும் ஒரே பகலில் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்துவிடலாம். இந்தியாவில் இப்படி ஒரு வழி அதிகம் இல்லை.

காலநிலை மாறினால் காடு என்னவாகும் என்ற கேள்விக்குப் பலரும் இப்படிப்பட்ட சாலையைத்தான் பதிலாக வைத்திருக்கிறார்கள். மழை குறைந்தால் தெப்பக்காடு மசினகுடி ஆகிவிடும், சூடு ஏறினால் கீழ்க்காடு மேலே ஏறிவிடும் என்று. சன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருந்தால் அது சரிதான் என்று படும். இறங்கி நின்று பார்த்தால் அப்படிப் படவில்லை. மரம் கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்கிற உயிரல்ல. சில இடத்தில் ஒரு பருவம் கழித்து, சில இடத்தில் இரண்டு மூன்று வருஷம் கழித்து, மலைமேல் பல நூறு தலைமுறை கழித்துப் பதில் சொல்கிறது. இன்று நாம் பார்க்கிற பச்சை, என்றைக்கோ பெய்த மழைக்கான பதில்.

நிலம்பூரில் தேக்கைத் தவிர்த்துவிட்டு எதையும் பேச முடியாது. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கனோலி, கப்பல் மரத்துக்காக இங்கே தேக்கு நடச் சொன்னார். நட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர்க்காரர். தோட்டத்துக்குக் கலெக்டரின் பெயர் நின்றுவிட்டது. உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டங்களில் ஒன்றாக அது இன்றும் சாலியாற்றங்கரையில் இருக்கிறது. தேக்கு அருங்காட்சியகத்தில் ஒரு முழு மரத்தின் வேர்த்தொகுதியைத் தோண்டியெடுத்து வைத்திருக்கிறார்கள். கூட்டம் அங்கேதான் கூடுகிறது. எனக்கு அதைவிட வெட்டுமுகங்கள் பிடித்திருந்தன.

வெப்பமண்டல மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது சொல்வது கடினம். குளிர்நாட்டு மரம் பனிக்காலத்தில் வளர்ச்சியை நிறுத்துவதால் ஆண்டுக்கு ஒரு வளையம் தெளிவாக விழுகிறது. நம் மரங்களுக்கு அப்படி ஒரு கட்டாய ஓய்வு இல்லை. தேக்கு விதிவிலக்கு. கோடையில் இலையை முழுக்கக் கொட்டிவிட்டு நிற்கிறது, மழை வந்ததும் பெரிய துளைகளோடு புதுக்கட்டையைத் தொடங்குகிறது. அந்தத் துளை வரிசை வெறுங்கண்ணுக்கே தெரியும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்காவ்ங்கரும் சக ஆய்வாளர்களும் கேரளத் தேக்கு மரங்களின் வளையங்களை அளந்து, ஒன்றோடொன்று பொருத்தி, 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியான பதிவு ஒன்றை 2010-ல் வெளியிட்டார்கள். நம் ஊர்களில் இன்னும் பேசப்படுகிற தாது வருஷப் பஞ்சத்தைத் தாண்டி, கப்பலில் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வருவதற்கும் முன்னால் போய் நிற்கிற பதிவு. பருவமழை பொய்த்த எல் நினோ ஆண்டுகள் பல, அதில் ஒடுங்கிய வளையங்களாக இருக்கின்றன.

வளையத்தை மழைமானியாக வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வளையத்தின் அகலம் அந்த வருஷத்து மழையை மட்டும் சொல்வதில்லை. போன வருஷம் மண்ணில் மிஞ்சிய ஈரமும், போன வருஷ இலைகள் தண்டில் சேர்த்துவைத்த மாவும் இந்த வருஷக் கணக்கில் வந்துவிடும். ஆய்வாளர்கள் புள்ளியியல் வைத்து இதைப் பிரித்தெடுக்கப் படாதபாடு படுகிறார்கள். அவர்களுக்குத் தொல்லை, எனக்கு இந்தப் பயணத்தின் முதல் தடயம்.

நாடுகாணிச் சுரத்தையும் கூடலூரையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேயிலை, காப்பி, சில்வர் ஓக், பிறகு கூடலூரின் பேருந்து நிலைய இரைச்சல். இங்கிருந்து கீழே இறங்கும் சாலையில் உண்ணிச்செடி இரு பக்கமும் அடைத்துக்கொண்டு வருகிறது. அலங்காரச் செடியாக வந்து காட்டையே பிடித்துக்கொண்ட செடி. இதன் குச்சிகளால் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்த ஆளுயர யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன. வெட்டி எடுத்தவை போக மீதியெல்லாம் இங்கேயே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

தெப்பக்காட்டுக்கு வந்தபோது காடு மொட்டையாக நின்றது. சுற்றுலாவுக்கு வந்த ஒரு குடும்பம், “என்னங்க, எல்லாம் காய்ஞ்சு போயிருக்கு” என்று வனத்துறைக் காவலரிடம் குறைப்பட்டுக்கொண்டது. அவர் இந்த முதுமலைக் காட்டிலேயே பிறந்தவர். பதில் சொல்லவில்லை. அவர்கள் வண்டியேறிப் போன பிறகு, சாலையோரத்து வெக்காளி மரத்தின் ஒரு சிறு கிளையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே பளிச்சென்று பச்சை. “தூங்குது சார். செத்தது வேற மாதிரி இருக்கும். அதுக்குப் பட்டை உரியும், பூச்சி ஏறும், மரங்கொத்தி வரும். இதுக்கு எதுவும் வரலை பாருங்க.”

இலை கொட்டுவது மரத்தின் தோல்வி என்று நகரத்துக் கண் நினைக்கிறது. வறண்ட காட்டில் அதைவிடக் கெட்டிக்காரத்தனம் இல்லை. வேரிலிருந்து உச்சிவரை தண்ணீர் ஏறுவது இழுவிசையால். இலையின் நுண்துளைகளில் நீர் ஆவியாகும்போது கீழிருந்து ஒரு தொடர் இழை மேலே வருகிறது. மண் காய்ந்தால் அந்த இழை விறைக்கிறது. ஒரு அளவுக்கு மேல் விறைத்தால் அறுந்து, குழாய்க்குள் காற்றுக்குமிழி புகுந்துவிடும்; அந்தக் குழாய் பிறகு தண்ணீர் ஏற்றாது. நுண்துளைகளை மூடிக்கொண்டால் குழாய் தப்பும், ஆனால் கரியமிலவாயு உள்ளே வராமல் மரம் பட்டினி கிடக்கும். தாகத்தால் சாவதா பசியால் சாவதா என்கிற இந்த இழுபறியிலிருந்து விலகிக்கொள்ள வெக்காளி, வெண்தேக்கு, மத்தி எல்லாம் கண்ட வழி, கடையையே சாத்திவிடுவது. மத்தி இன்னும் ஒரு படி மேல். வெடித்து வெடித்துக் கட்டம் கட்டமாய்ப் பிளந்த கரும்பட்டைக்குள் அது தண்ணீரையே தேக்கி வைக்கும். ஆந்திரத்தில் பாபிகொண்டா மலைப் பழங்குடிகள் கோடையில் இதன் தண்டைக் கீறித் தண்ணீர் குடிப்பதுண்டு.

ஆச்சரியம் வேறொன்று. மழைக்கு இன்னும் வாரக்கணக்கில் நாளிருக்க, நல்ல வெயிலில், பூவ மரம் ஒன்று உடம்பு முழுக்கச் சிவந்த தளிரோடு நின்றது. பக்கத்தில் புரசு இலையே இல்லாமல் பூத்திருந்தது. மண்ணில் ஈரம் இல்லாத மாதத்தில் தளிர்விட இவற்றுக்குத் தண்ணீர் எங்கே கிடைக்கிறது? தண்டில் தேக்கியது கொஞ்சம். மற்றது ஆழத்திலிருந்து. மழை வந்த பிறகு தளிர்த்தால், இலை முற்றுவதற்குள் நல்ல வெளிச்ச நாட்கள் போய்விடும்; பூச்சிகளும் பெருகிவிடும். அதனால் வரப்போகிற மழையை நம்பி முன்கூட்டியே செலவு செய்கின்றன. பகல் நீளுவதையும் உள்ளிருப்பையும் வைத்து எடுக்கிற முடிவு அது. மழை சொன்ன நேரத்துக்கு வரும்வரை லாபம்.

இந்தக் காட்டில்தான் ஒரு 50 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவரது குழுவினரும் 1988-ல் அளந்து எல்லை போட்டது. ஒரு கிலோமீட்டர் நீளம், அரைக் கிலோமீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண் தகடு. தொடக்கத்தில் சுமார் 25,000 மரங்கள், 70-க்கும் மேற்பட்ட இனங்கள். வருஷம் தவறாமல் போய் எது இருக்கிறது, எது செத்தது, எது புதிதாய் வந்தது என்று பதிகிறார்கள். செத்ததற்குக் காரணம் தீயா, யானையா, வறட்சியா என்பதையும். பயணிகளுக்கு அனுமதி இல்லை. இருந்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது. சாலையோரக் காட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் அந்தத் தகடு மட்டும்தான். ஆனால் நம் நாட்டில் இதற்கு இணையான பொறுமை கொண்ட வேலைகள் குறைவு. திட்டம் என்றால் மூன்று வருஷம் என்று ஆகிவிட்ட நாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே மரத்தைப் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறார்கள்.

அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பலன்களில் ஒன்று: பெரிய மரங்களின் சாவு அந்த வருஷ மழையோடு பொருந்தவில்லை. இரண்டு மூன்று வருஷம் முன்னால் பெய்த, அல்லது பெய்யாத, மழையோடு பொருந்தியது. வறண்ட வருஷத்தில் காடு தாங்கிவிடுகிறது. நாம் நிம்மதியடைகிறோம். பிறகு நல்ல மழை பெய்கிற ஒரு வருஷத்தில் மரங்கள் விழத் தொடங்குகின்றன.

ஏன் இந்தத் தாமதம் என்பதற்கு ருதுஜா சித்ரா தாரக்கும் சக ஆய்வாளர்களும் 2018-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். மேல்மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் நடுவே, உக்கிப்போன பாறையாலான தடித்த அடுக்கு ஒன்று இருக்கிறது. அதில் ஊறி நிற்கிற ஈரம்தான் ஆழவேர் மரங்களின் குதிர். மேல்மண் ஒவ்வொரு மழையிலும் நனைகிறது, ஒவ்வொரு கோடையிலும் காய்கிறது. குதிரோ அப்படி நிரம்பாது. சாதாரண மழையை மேலேயுள்ள புல்லும் செடியும் குடித்துவிடும். மிக நல்ல மழை பெய்கிற வருஷத்தில்தான் கொஞ்சம் கீழே இறங்கும். ஆகவே ஆழவேர் மரம் ஒன்றிரண்டு வறட்சியைக் கண்டு அசையாது. தொடர்ந்து சில வருஷம் பொய்த்தால் குதிர் காலியாகும். அதன்பின் ஒரு நல்ல மழை மேல்மண்ணை நனைத்து, புல்லைப் பச்சையாக்கி, கீழே எட்டாமல் நின்றுவிடும். புல் சிரிக்கிறபோது மரம் சாகும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை உடைந்தது. ஆழ வேர் விட்டவன் பிழைப்பான் என்பது நம் பேச்சில் ஊறிய எண்ணம். தெப்பக்காட்டு மரங்களிடம் அது பாதிதான் செல்லுபடியாகிறது. அடிக்கடி வருகிற சிறு வறட்சிகள் மேல்வேர் மரங்களை அலைக்கழிக்கின்றன, அவையும் அதற்குப் பழகியிருக்கின்றன. எப்போதாவது வருகிற நீண்ட வறட்சிதான் ஆழவேர் மரங்களைத் தேடி வருகிறது. மழையின் மொத்த அளவு மாறாவிட்டாலும், வறண்ட ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால் போதும்.

காவலர் தீத்தடுப்புக் கோட்டோரம் நடத்திக் கூட்டிப்போனார். சாலையின் இரு பக்கமும் புல்லைச் செதுக்கி எரித்து வைத்திருக்கிறார்கள், தீ தாண்டிவிடாமல் இருக்க. ஓரிடத்தில் குனிந்து, கருகிய குச்சி ஒன்றின் அடியில் விரல் நீளத்தில் கிளம்பியிருந்த தேக்கு முளையைக் காட்டினார். “இது போன வருஷமும் எரிஞ்சுது. அதுக்கு முன்னாலயும். ஒவ்வொரு தடவையும் திரும்ப வருது.” மேலே ஒரு முழக் கன்று, கீழே பல வருஷத்து வேர். தீ படாமல் நாலைந்து வருஷம் கிடைத்தால் பட்டை தடித்து, உச்சி தீநாக்குக்கு மேலே போய்விடும். அந்த இடைவெளி கிடைக்கிறவரை நிலத்தடியில் காத்திருக்கிறது. தீ அடிக்கடி வந்தால் காத்திருப்பு நீளும். வேரின் சேமிப்பும் ஒருநாள் தீரும். உண்ணிச்செடிப் புதர்கள் தீயைத் தரையிலிருந்து கிளைகளுக்கு ஏற்றிவிடுவதால் வளர்ந்த மரங்களுக்கும் இப்போது நிம்மதி இல்லை.

நெல்லி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதுமலையில் நெல்லிக்காயைப் புள்ளிமான்கள் விழுங்கி, பிறகு ஓய்வாகப் படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடுகின்றன. அப்படித்தான் அந்த மரம் இடம் பெயர்கிறது. மரம் நகராது என்று சொல்கிறோம், ஆனால் ஒவ்வொரு மரமும் தன் பிள்ளைகளைச் சுமக்க ஓர் ஆளை வைத்திருக்கிறது. காற்று, யானை, இருவாச்சி, மான். வேகம் அந்த ஆளைப் பொறுத்தது. இது கல்லட்டியில் எனக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

மசினகுடியில் டீ குடித்தேன். அங்கிருந்து மரங்கள் குட்டையாகின்றன. வேலம், இலந்தை, உசிலை. சில கிளுவை மரங்கள் இலையில்லாமல் நின்றன, ஆனால் பட்டை பச்சை. காகிதம்போல் உரியும் மேல்தோலுக்கு அடியில் பச்சையம் இருக்கிறது. இலையில்லாத மாதங்களிலும் தண்டே வெளிச்சத்தைப் பிடித்துக் கொஞ்சம் சமைத்துக்கொள்கிறது. கொங்குநாட்டில் கிளுவைக் குச்சியை வெட்டி ஊன்றினால் வேலியாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இந்தச் சூட்சுமத்தை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். தெப்பக்காட்டின் மழை மசினகுடி அளவுக்குக் குறைந்தால் அங்கே கிளுவை வந்துவிடுமா? வரலாம். ஆனால் அதற்கு முன் மத்தியும் வெக்காளியும் குதிர் தீரும்வரை நிற்கும், அந்த இடைவெளியில் தீயும் உண்ணிச்செடியும் புகும். ஒரு காடு போவதற்கும் இன்னொரு காடு வருவதற்கும் நடுவே ஒரு நீண்ட காலி இருக்கை உண்டு. யார் முதலில் உட்காருகிறார் என்பதுதான் விஷயம்.

கல்லட்டிச் சாலைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. பேருந்து முதல் கியரில் முனகிக்கொண்டு ஏற, எனக்கு ஒரு கணக்கு ஓடியது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குளிரும்; அதாவது ஒரு டிகிரிக்கு நூற்றைம்பது மீட்டர். மசினகுடிக்கும் தலைக்குந்தாவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 36-ஆல் வகுத்தால் வளைவுக்கு முப்பத்தைந்து மீட்டர் தோராயமாக வரும். 1901-லிருந்து 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது என்று புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை சொல்கிறது. அப்படியானால், பத்தாவது வளைவில் நிற்கிற ஒரு மரம் தன் தாத்தா மரம் அனுபவித்த குளிரை இன்று அனுபவிக்க வேண்டுமென்றால் பதின்மூன்றாவது வளைவில் இருக்க வேண்டும்.

மூன்று வளைவு. பேருந்துக்கு ஐந்து நிமிஷம். மரத்துக்கு? விதையை ஒரு பறவை மேலே கொண்டுபோய்ப் போட வேண்டும், அது முளைக்க வேண்டும், பூக்கும் வயதுவரை பிழைக்க வேண்டும், பிறகு அதன் விதை இன்னும் மேலே போக வேண்டும். காற்றில் பறக்கிற விதைக்கு ஓரளவு சாத்தியம். மான் துப்புகிற விதைக்கு இந்தச் செங்குத்தான சரிவு சாத்தியமில்லை. தவிரவும் குளிர் மட்டும் மேலே நகர்கிறது. மண்ணும் மழையும் பகலின் நீளமும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

தலைக்குந்தாவில் இறங்கியதும் மூக்கில் ஏறியது தைல வாசனை. நீலகிரிக்காரர்கள் யூக்கலிப்டசைக் கற்பூர மரம் என்பார்கள். 1843-ல் ராணுவப் பொறியாளர் காட்டன் கொண்டுவந்ததிலிருந்து தொடங்குகிறது அதன் கதை. பக்கத்திலேயே சீகை, சிகைக்காய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆஸ்திரேலிய வாட்டில் மரத்துக்கு இங்கே அந்தப் பெயர். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னாளில் விஸ்கோஸ் ஆலைக்கூழுக்கும் என்று புல்வெளியெல்லாம் நட்டார்கள். புல்வெளியை வெற்றுநிலம் என்று நினைத்ததால் வந்த வினை.

ஊட்டி நண்பர் காத்திருந்தார். படுகர், ஓய்வுபெற்ற ஆசிரியர். வனத்துறை வாட்சர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு சாண்டிநல்லா பக்கம் நடந்தோம். அங்கே ஆட்டுப் பண்ணை இருக்கிறது, சரிவுகளுக்கு நடுவே சதுப்பு. சதுப்பின் கரி மண்ணைத்தான் சுகுமாரும் ரமேஷும் மற்றவர்களும் தோண்டி ஆராய்ந்து 1993-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். குளிரும் நீரும் சேர்ந்து மக்கவிடாமல் வைத்த செடிகொடிகள் அடுக்கடுக்காய்ச் சேர்ந்திருக்கிற மண் அது. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் கரியமிலவாயுவை வெவ்வேறு வழியில் பிடிக்கின்றன. சி3, சி4 என்று அவற்றைச் சொல்வார்கள். சி4 வகைப் புல்லில் கனமான கார்பன்-13 சற்றுக் கூடுதலாகத் தங்கும். ஆகவே எந்த அடுக்கில் எது மிகுதி என்று பார்த்தால் அந்தக் காலத்தில் இந்த மலை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், இங்கே வறட்சி. சி4 புல்லின் ஆட்சி. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது சி3 தாவரங்கள் முன்னுக்கு வந்தன. பிறகு மறுபடி மாற்றம். சோலைக்கும் புல்லுக்கும் நடுவிலுள்ள கோடு மலை பிறந்ததிலிருந்து அங்கேயே கிடந்ததல்ல. காலநிலைக்கேற்ப முன்னும் பின்னும் போய்வந்திருக்கிறது. ஆனால் அவசரமில்லாமல்.

இன்று அந்தக் கோடு கத்தியால் கீறியது போலத் தெளிவாக இருக்கிறது. மடிப்புகளில் சோலை, மேட்டில் புல். சோலை மரம் ஏன் புல்லுக்குள் காலடி வைப்பதில்லை என்பது பழைய வழக்கு. வன அதிகாரி சி.ஆர்.ரங்கநாதன் 1938-ல் உறைபனியைக் காரணம் சொன்னார். தீதான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. டிசம்பர், ஜனவரியின் தெளிந்த இரவுகளில் திறந்த புல்வெளி தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு உறைந்துபோகும். பத்தடி தள்ளிச் சோலைக்குள் கூரைபோன்ற இலையடுக்கு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உறைந்த கன்றின் மேல் காலை வெயில் நேராக விழுந்தால் கதை முடிந்தது. அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் கன்றுகளை வைத்து இதைச் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். ரங்கநாதன் சொன்னது சரி. உறைபனி சோலைக் கன்றுகளைப் புல்லில் நிற்கவிடுவதில்லை. சீகை அந்தளவுக்கு அஞ்சுவதில்லை.

2024 ஏப்ரல் இறுதியில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானது. 1951-க்குப் பிறகு அவ்வளவு ஏறியதில்லை. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன. என் கவலை பகல் சூட்டைப் பற்றியதல்ல. இரவுக் குளிர் தளர்ந்தால், பல ஆயிரம் வருஷமாகச் சாத்தியிருந்த கதவு திறக்கிறது. காற்றில் கரியமிலவாயுவும் கூடுவது மரங்களுக்கே சாதகம். பழைய கணக்குப்படி சோலை மெல்ல வெளியே அடியெடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தமுறை வாசலில் சீகை நிற்கிறது. அதன் விதை பல பத்தாண்டு மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் ஓடு வெடித்து ஒன்றாக முளைக்கும், வெட்டினால் துளிர்க்கும், காற்றின் நைட்ரஜனைத் தானே மண்ணில் சேர்த்துக்கொள்ளும். சோலை மரத்தின் விதையோ விழுந்த கொஞ்ச நாளில் முளைக்காவிட்டால் செத்துவிடும் வகை. வளர்ச்சியும் நிதானம். பந்தயம் தொடங்குவதற்கு முன்பே முடிவு தெரிகிற பந்தயம்.

அப்படியானால் சீகையை வேரோடு பிடுங்கிவிட வேண்டியதுதானே என்றேன். நண்பர் தலையசைத்தார். எங்களோடு வந்த வாட்சர் ஒன்றும் சொல்லாமல் ஒரு சோலையின் விளிம்புக்குக் கூட்டிப்போனார். பழைய சீகைத் தோப்பு, சோலையை ஒட்டி. அதன் நிழலில், உதிர்ந்த சருகுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் கன்றுகள். நாவல் வகை ஒன்று, லவங்க வகை ஒன்று, காட்டுச் செண்பகம்போல் ஒன்று. “பனி கீழ விழாது சார் இங்க. மரம் தடுத்துருது. இதை மொத்தமா வெட்டினா இந்தப் பிள்ளைங்க ஒரு ஜனவரி தாங்காது.”

நண்பருக்கு அதில் உடன்பாடில்லை. “அண்ணா, நீங்க சோலை ஓரத்தை மட்டும் பார்க்கறீங்க. எங்க ஹட்டிக்குப் பின்னால இருந்த புல்லு முழுக்க இப்ப சீகைதான். அங்க எந்தச் சோலைக் கன்னு வந்துச்சு? ஊத்துதான் வத்திச்சு.”

“அங்க வெட்டலாம் சார். நான் வேண்டாங்கலை.”

பழனி மலையிலும் இதே வாதம் பல வருஷமாக நடக்கிறது. தமிழக அரசு 2022-ல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வெளியிட்டுவிட்டது. டெண்டர் விடும்போது பரப்பு எத்தனை ஹெக்டேர் என்றுதான் எழுதுகிறார்கள், அந்தப் பரப்பின் எந்தப் பக்கம் சோலை, எந்தப் பக்கம் புல் என்று எழுத இடமில்லை. எனக்கு இருவர் சொன்னதும் சரியாகவே பட்டது. நடுப்புல்லில் முளைக்கிற சீகையைக் குட்டியிலேயே பிடுங்க வேண்டும், வருஷாவருஷம், விதை தீரும்வரை. சோலை விளிம்பில் இருப்பதைக் கன்றுகள் தலை தூக்கும்வரை விட்டுவைத்து, பிறகு ஒன்றிரண்டாகக் கழிக்க வேண்டும். அதற்கு எத்தனை வருஷமாகும் என்று வாட்சரைக் கேட்டேன். இருபது என்றார், பிறகு கன்றுகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, முப்பது என்று திருத்தினார். அவருடைய வேலை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு.